டம்ளரும் அட்டையும் போதும்

கேள்வி: குளியலறைச் சுவரில் சிலந்தியைப் பார்த்தாலே உடம்பு நடுங்குகிறது. துடைப்பத்தால் அடித்துக் கொல்லவும் மனம் வரவில்லை. என்ன செய்ய?

பதில்: தலையில் நுரையோடு வெளியே ஓடிவந்த ஆள் நான். அதனால் சிரிக்க மாட்டேன்.

பெரும்பாலான சிலந்திகளுக்கு எட்டுக் கண் இருந்தும் பார்வை மந்தம். பெரும்பாலும் அதிர்வை வைத்துத்தான் சுற்றுப்புறத்தை அறிகின்றன. நம்மை நோக்கி ஓடிவருவதாகத் தோன்றினாலும், அது தேடுவது ஒளிய ஓர் இடத்தை.

வாய் அகன்ற கண்ணாடி டம்ளரை மெல்லக் கவிழ்த்து மூடுங்கள். வாய் குறுகினால் கால் நசுங்கும். அப்புறம் தடித்த அட்டையை அடியில் மெதுவாக நுழைத்தால் அதுவே கால் தூக்கி ஏறிக்கொள்ளும். வெளியே செடி மறைவில் விட்டுவிடலாம். வாக்குவம் கிளீனர் மட்டும் வேண்டாம், உள்ளே போனால் பெரும்பாலும் செத்துவிடும்.

பயத்துக்கு? நான் முதலில் படம் பார்த்தேன், பிறகு பத்தடி தள்ளி நின்றேன், அப்புறம் ஐந்தடி. பல வாரம் ஆனது. தூக்கமே கெடும் அளவுக்குப் பயம் என்றால் மனநல ஆலோசகரிடம் போங்கள். அவர்களும் இப்படிப் படிப்படியாகத்தான் பழக்குவார்கள். கையில் ஏந்தும் துணிச்சல் எனக்கு இன்னும் வரவில்லை. டம்ளர் குளியலறை வாசலிலேயே இருக்கிறது.