லைன் வேலை (ஊர் ஊராகப் போய் விற்பனை பார்க்கும் வேலை): வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சோப்பு, பிஸ்கட் போன்ற அன்றாடப் பொருள் (எஃப்.எம்.சி.ஜி.) விற்கும் பெரிய கம்பெனியில் சேல்ஸ் ஆபீசராக இருக்கிறேன். டிஸ்ட்ரிபியூட்டர் வேண்டாம் என்றாலும் மாசக் கடைசியில் சரக்கை இறக்கச் சொல்கிறார் ஏரியா சேல்ஸ் மேனேஜர் (ஏ.எஸ்.எம்.). போன மாசம் கைக்காசு 40 ஆயிரம் போட்டேன். (திண்டுக்கல்)

முதலில் அந்த 40 ஆயிரம். கம்பெனிக் கணக்கில் அது டிஸ்ட்ரிபியூட்டர் கட்டிய பணம். நீங்கள் போட்டதற்குத் துண்டுச் சீட்டுகூட இருக்காது. டார்கெட் விழுந்தால் இன்சென்டிவ் போகும், மீட்டிங்கில் திட்டு விழும். கைக்காசு போடுவதைவிட அது தேவலை.

பிரைமரியை, அதாவது கம்பெனி டிஸ்ட்ரிபியூட்டருக்கு விற்பதை, 30ஆம் தேதி ராத்திரிகூடத் தள்ளிவிடலாம். செகண்டரி, அதாவது டிஸ்ட்ரிபியூட்டர் கடைகளுக்கு விற்பது, அப்படி நகராது. கடைக்குப் போகாத சரக்கு குடோனிலேயே எக்ஸ்பயரி ஆகும். அடுத்த வருஷ டார்கெட்டும் இந்த வீங்கிய எண்ணுக்கு மேல்தான் ஏறும். நீங்கள் வேலையை விடும்போது டிஸ்ட்ரிபியூட்டரிடம் 'நோ டியூ' (பாக்கி இல்லை) கடிதம் கேட்பார்கள். "பழைய ஸ்கீம் கிளெய்ம் வரட்டும், தர்றேன்" என்பார் அவர், கம்பெனி தர வேண்டிய சலுகைத் தொகையைச் சொல்லி. உங்கள் செட்டில்மென்ட் அங்கேயே தொங்கும்.

இனி டிஸ்ட்ரிபியூட்டர் மெயிலில் ஆர்டர் அனுப்பினால் மட்டும் பில் போடுங்கள். ஏ.எஸ்.எம். வற்புறுத்தினால், கையிருப்பு எத்தனை நாளுக்கு இருக்கிறது என்று அவருக்கு மெயில் எழுதி, பதில் வாங்குங்கள். அவருக்கும் மேலிருந்து அதே போன்தான் வருகிறது, பாவம். அதற்காக அவர் கணக்கை நீங்கள் அடைக்க முடியாது.

மெடிக்கல் ரெப் வேலை. மூன்று மாசம் டார்கெட் முடிக்கவில்லை என்று ராஜினாமா எழுதித் தரச் சொல்கிறார்கள். (மதுரை)

எழுதாதீர்கள். வேலையை விட்டு எடுத்தால் அதை எதிர்த்து வழக்கு உண்டு; நீங்களே எழுதிக் கொடுத்தால் மிரட்டி வாங்கியதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். விற்பனை மேம்பாட்டு ஊழியர்களுக்கு 1976இலேயே தனிச் சட்டம் வந்தது. 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 'தொழிலாளி' என்பதில் அவர்களையும் சேர்த்தே சொல்கிறது. உங்கள் துறையில் எஃப்.எம்.ஆர்.ஏ.ஐ. என்ற அகில இந்திய சம்மேளனம் இருக்கிறது. உள்ளூர்ச் சங்கத்தில் போய்ப் பேசுங்கள். "சொன்னபடி கேளுங்க, நல்ல ரிலீவிங் லெட்டர் தர்றோம்" என்று கம்பெனியில் ஆசை காட்டுவார்கள். அன்றைக்குள் கையெழுத்து வேண்டும் என்று அவசரப்படுத்தினாலே உஷாராகுங்கள்.

சொந்த பைக்கில் தினமும் 70 கி.மீ. லைன் போகிறேன். விபத்து நடந்தால்? (விழுப்புரம்)

சம்பளம் 21 ஆயிரத்துக்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் வேலை நேர விபத்துக்கு அங்கே பலன் உண்டு. இ.எஸ்.ஐ.யில் இல்லாதவருக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும். அன்றைய ஆப் அட்டெண்டன்ஸையும் கடைசி ஆர்டர் எடுத்த நேரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க வீட்டில் ஒருவருக்குச் சொல்லிக் கொடுங்கள். கம்பெனி உங்கள் லாகினை மூடிவிட்டால் அது கிடைக்காது.

போட்டிக் கம்பெனியில் ஒரு வருஷம் சேரக் கூடாது என்று ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். (கோவை)

சேரலாம். வேலையை விட்ட பிறகும் கட்டிப்போடும் அந்த ஷரத்து, 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின் முன் நிற்காது. நோட்டீஸ் காலத்தை மட்டும் ஒழுங்காக முடியுங்கள். கடைவாரியான விற்பனை டேட்டாவையும் ஸ்கீம் விவரத்தையும் பென்டிரைவில் எடுத்துப் போனால் அது வேறு வழக்கு. அதில் உங்கள் பக்கம் பேச எனக்கு ஒன்றும் இருக்காது.