ஞாயிற்றுக்கிழமை வராத இருமல்

கேள்வி: எனக்கு வயது 36. இரும்புத் தொட்டிகளுக்கும் குழாய்களுக்கும் ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்கிறேன், 9 வருடமாக. பெரும்பாலும் ஹார்டனர் (பெயிண்டை இறுகவைக்கும் திரவம்) கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பெயிண்ட், சில சமயம் எபாக்சி. ஐந்து மாதமாக ராத்திரி 2 மணிக்கு இருமல் எழுப்பிவிடுகிறது. நெஞ்சு இறுக்கிப் பிடிக்கிறது, விசில் சத்தம் கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை பரவாயில்லை. பத்து நாள் லீவில் இருந்தபோது வரவே இல்லை. வேலை நேரத்தில் தொந்தரவு இல்லை, மாஸ்க்கும் போடுகிறேன். அப்படியானால் இது வீட்டுத் தூசியால் வருவதுதானே? டாக்டர் இன்ஹேலர் கொடுத்திருக்கிறார். விரலிடுக்கில் அரிப்பும் வெடிப்பும் வேறு. பெயிண்ட் கலந்து தரும் தம்பிக்கு இப்படி எதுவும் இல்லை.

பதில்: வீட்டுத் தூசிக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. வீட்டில் அதிக நேரம் இருக்கும் நாளில் நன்றாக இருக்கிறீர்கள், லீவில் முழுக்கச் சரியாகிவிடுகிறது. எனவே நான் முதலில் சந்தேகப்படுவது உங்கள் ஹார்டனர் டப்பாவைத்தான். அதில் ஐசோசயனேட் என்ற வகை ரசாயனம் இருக்கிறது. வேலையால் வரும் ஆஸ்துமாவுக்கு உலகம் முழுவதும் முக்கியக் காரணங்களில் அது ஒன்று. எபாக்சியின் ஹார்டனரில் இருக்கும் அமீன் என்ற ரசாயனங்களும் ஆஸ்துமாவைக் கொண்டுவரலாம்.

வேலை நேரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் வேலையைச் சந்தேகிக்காமல் விட்டுவிட்டீர்கள். பலரும் ஏமாறுவது இங்கேதான். சிலருக்கு இந்த ரசாயனம் பட்ட சில நிமிடங்களிலேயே மூச்சு இறுக்கும். வேறு சிலருக்குப் பல மணி நேரம் கழித்து, சாயங்காலமோ நடுராத்திரியோதான் ஆரம்பிக்கும். மதியம் அடித்த பெயிண்ட் ராத்திரி 2 மணிக்கு எழுப்புவது நடக்கக்கூடியதுதான்.

சரி, மாஸ்க் போடுகிறீர்களே? எந்த மாஸ்க் என்று நீங்கள் எழுதவில்லை. துணி மாஸ்க்கும் தூசி மாஸ்க்கும் ஆவியை நிறுத்தாது. கார்ட்ரிட்ஜ் மாஸ்க் நிறுத்தும், ஆனால் கார்ட்ரிட்ஜ் தீர்ந்துபோனால் உங்களுக்குத் தெரியவராது. ஏனென்றால் ஆபத்தான அளவில் ஐசோசயனேட்டுக்கு வாசனை கிடையாது. இந்தப் பெயிண்டுகளில் வழக்கமாக இருக்கும் ஹெக்ஸாமெத்திலீன் டைஐசோசயனேட்டுக்கு, எட்டு மணி நேர வேலைக்குப் பரிந்துரைக்கப்படும் சராசரி வரம்பு காற்றின் 100 கோடிப் பங்கில் 5 பங்கு. உங்கள் மூக்கில் ஏறும் நெடி பெரும்பாலும் தின்னருடையது. நெடி இல்லை என்பதால் காற்று சுத்தம் என்று ஆகாது.

எனக்கு நினைவுக்கு வருகிற ஒரு பெயிண்டர், நல்ல மாஸ்க்தான் வைத்திருந்தார். "எப்படி அடிப்பீர்கள், செய்து காட்டுங்கள்" என்றேன். ஸ்ப்ரே கன்னை ஓட்டுவதுபோல் கையை வீசினார், நிறுத்தினார். உடனே இடது கை தானாக மேலே போய் மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கியது. பூச்சு எங்காவது வழிந்திருக்கிறதா என்று முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். கன் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாத பொடித்துளிகள் காற்றில் இன்னும் மிதந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில்தான் அவர் ஒவ்வொரு முறையும் ஆழமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். நீங்களும் ஒரு நாள் உங்கள் கையைக் கவனித்துப் பாருங்கள்.

இந்த வேலைக்குச் சரியானது, சுத்தமான இடத்திலிருந்து குழாய் வழியாகக் காற்று வரும் முகமூடி. தொட்டிக்குள் இறங்கி அடிப்பதானால் அது இல்லாமல் இறங்கவே கூடாது. அங்கே தின்னர் ஆவியே மயக்கம் போட்டு விழவைத்துவிடும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. இதை வாங்கித் தரவேண்டியது முதலாளியின் பொறுப்பு. கேட்கத் தயங்காதீர்கள்.

இப்போது செய்யவேண்டியது: இந்த வாரமே நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். டப்பாக்களின் லேபிளையும் பாதுகாப்புத் தகவல் தாளையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். "பெயிண்ட் வேலை" என்று மட்டும் சொன்னால் போதாது. ஸ்பைரோமெட்ரி, அதாவது ஊதச் சொல்லி நுரையீரலின் திறனை அளக்கும் சோதனை, எடுப்பார்கள். அப்புறம் பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சின்னக் கருவியில் ஊதிக் குறித்துவரச் சொல்வார்கள். வேலை நாள், லீவு நாள் இரண்டும் சேர்த்து சுமார் 4 வாரம், தினமும் குறைந்தது 4 முறை, ஒவ்வொரு முறையும் மூன்று தடவை ஊதி அதில் அதிகமானதை எழுதவேண்டும். வேலை நாளில் எண் இறங்கி லீவில் ஏறினால் விஷயம் வெளிச்சமாகிவிடும். இந்த நோட்டு இல்லாமல் வேலையை விட்டுவிட்டால் பிறகு காரணத்தை உறுதிசெய்வது கஷ்டம். அதற்காக மூச்சுத் திணறலோடு போய் அடிக்கவும் வேண்டாம். எத்தனை நாள், எந்த வேலை என்பதை அந்த மருத்துவர் முடிவு செய்யட்டும். பேச முடியாமல் வாக்கியம் பாதியில் நின்றாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே அவசரச் சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். ஆனால் அதை எடுத்துக்கொண்டே பழையபடி அடிப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. உடல் ஒருமுறை ஐசோசயனேட்டை எதிரியாகப் பார்க்கத் தொடங்கிவிட்டால், அப்புறம் மிகச் சிறிய அளவே போதும். அப்படிப்பட்டவர்கள் திரும்பவும் அதே வேலைக்குப் போய் உயிர் போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. உறுதியானால், ஐசோசயனேட் பெயிண்டை நீங்கள் முழுவதுமாக விடவேண்டியிருக்கும். ஒன்பது வருடக் கைத்தொழிலைப் பற்றி இப்படிச் சொல்வது எனக்கும் வருத்தமாக இருக்கிறது. ஆனாலும் சீக்கிரம் விலகியவர்களுக்குத்தான் நுரையீரல் நன்றாகத் தேறுகிறது. தாமதித்தவர்களில் பலருக்கு வேலையை விட்ட பிறகும் ஆஸ்துமா நின்றுபோவதில்லை.

விரலிடுக்குக்கு வருகிறேன். வேலை முடிந்ததும் தின்னரில் கை கழுவுகிறீர்களா? அது தோலின் எண்ணெய்ப் பசையை உருவிவிடும், அந்த வெடிப்பு வழியாக எபாக்சி உள்ளே இறங்கும். ஐசோசயனேட்டும் தோல் வழியாகப் போய், உடல் அதை எதிரியாகப் பார்க்கும்படி செய்துவிட வாய்ப்புண்டு. மெல்லிய ரப்பர் கையுறை இதற்குத் தாங்காது. தகவல் தாளில் குறிப்பிட்ட வகையை, பெரும்பாலும் நைட்ரைல் இருக்கும், போட்டுக்கொண்டு அடிக்கடி மாற்றுங்கள். கைக்கு சோப்பும் தண்ணீரும் மட்டும்.

ஏர்லெஸ் கன் (காற்றைக் கலக்காமல் மிக அதிக அழுத்தத்தில் பெயிண்டைப் பீய்ச்சும் கன்) பயன்படுத்துவதாக இருந்தால் ஒன்று சொல்லவேண்டும். அதன் முனையைத் தவறிக்கூட விரலால் மூடிப் பார்க்காதீர்கள். ஊசி குத்தியதுபோல் சின்னப் புள்ளிதான் தெரியும், முதலில் வலியும் அவ்வளவாக இருக்காது. உள்ளே பெயிண்ட் விரல் நெடுகப் பாய்ந்திருக்கும். அறுவைச் சிகிச்சை செய்யும் மருத்துவமனைக்கு உடனே போகவேண்டும், சில மணி நேரத் தாமதத்தில் விரலே போய்விடலாம்.

கலந்து தரும் தம்பிக்கு எதுவும் இல்லை என்கிறீர்கள். உங்களுக்கும் எட்டரை வருடம் எதுவும் இல்லை. அவர் ஹார்டனர் மூடியைத் திறக்கும்போது முகத்தில் என்ன போட்டிருக்கிறார் என்று பாருங்கள். ஸ்பைரோமெட்ரிக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.