ஜாக் ஹார்கிரீவ்ஸின் கொட்டகை: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் பழைய ஆங்கிலேயத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, நாட்டுப்புற வாழ்வைக் காட்டிய ‘அவுட் ஆஃப் டவுன்’ என்ற தொடரையும் அதை வழங்கிய ஜாக் ஹார்கிரீவ்ஸையும் பற்றி இரண்டே வரிகள் எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிகளுக்கு வந்த கடிதங்கள், மீதிப் பக்கம் முழுவதற்கும் வந்தவற்றைவிட அதிகம். எனவே இம்முறை பக்கத்தை அவருக்கே ஒதுக்கிவிட்டேன். அரசியல், சினிமா கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: ஹார்கிரீவ்ஸ் என்ற பெயரையே உங்கள் பதிலில்தான் முதன்முதலாகப் படித்தேன். அவர் யார்? (வாசகர், மதுரை)

பதில்: 1911 டிசம்பர் 31 அன்று லண்டனில் பிறந்து 1994 மார்ச்சில் மறைந்த ஒளிபரப்பாளர். தென் இங்கிலாந்துப் பகுதிக்கு 1958 முதல் 1981 வரை ஒளிபரப்பிய சதர்ன் டெலிவிஷன் என்ற தனியார் நிறுவனம் சவுத்தாம்ப்டன் நகரில் இருந்தது. அந்த நிறுவனத்துக்காக 1960 முதல் 1981 வரை, ஏறத்தாழ இருபத்தொரு ஆண்டுகள், ‘அவுட் ஆஃப் டவுன்’ தொடரை அவர் வழங்கினார். தாடி, தொப்பி, வாயில் சுங்கான் (புகைக்குழாய்), பின்னால் கருவிகள் தொங்கும் ஒரு மரக் கொட்டகை: பார்த்தவர்கள் மனத்தில் நிற்கும் உருவம் இதுதான். வண்டிக் குதிரை, தூண்டில், லாடம் அடிப்பவர், கூரை வேய்பவர், சந்தைக்கு ஓட்டிவரப்படும் ஆடுகள் என்று நாட்டுப்புறத்தில் கைகளால் நடக்கும் வேலைகள் அனைத்தும் அவருடைய பேச்சுக்குப் பொருளாயின.

கேள்வி: எழுபதுகளில் நான் போர்ட்ஸ்மவுத்தில் தாதியாகப் பணிபுரிந்தேன். மருத்துவமனை விடுதியின் பொது அறையில் அந்த மனிதர் பேசத் தொடங்கினால், ஆங்கிலம் அதிகம் புரியாத நாங்கள்கூட எழுந்து போகமாட்டோம். அவர் எழுதிவைத்துப் படிப்பதுபோலவே தோன்றாது. உண்மையில் அவர் எழுதி வைத்துக்கொள்ளவில்லையா? (வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்தபோது, சவுத்தாம்ப்டனில் மாணவனாக வாடகை அறையில் இருந்த என் காலம் எனக்கும் நினைவுக்கு வந்தது. வீட்டுக்கார அம்மாள் நாங்கள் எது பார்த்தாலும் மின்கட்டணத்தைப் பற்றிப் பேசுவார். ஹார்கிரீவ்ஸ் திரையில் வந்துவிட்டால் அவரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

நீங்கள் ஊகித்தது சரியே. கையில் எழுத்துப் பிரதி இல்லாமல், கேமராவை நேராகப் பார்த்து, எதிரில் ஒரே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டு அவர் பேசினார். கொட்டகை என்று நாம் நம்பியது படப்பிடிப்புக் கூடத்தில் போடப்பட்ட ஓர் அமைப்பு. வெளிப்புறக் காட்சிகளை ஸ்டான் பிரெஹோ என்ற ஒளிப்பதிவாளர் படச்சுருளில் எடுத்து வருவார். அந்தப் படம் ஓட ஓட, ஹார்கிரீவ்ஸ் தாமும் அதைப் பார்த்தபடியே, அப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோலச் சொல்லிக்கொண்டு போவார். இடையில் நிறுத்துவார், சுங்கானைத் தட்டுவார், சொல்லவந்ததை விட்டு வேறொன்றுக்குப் போய், பிறகு விட்ட இடத்துக்கே திரும்பி வருவார். இவ்வளவு இயல்பாகப் பேசுவதற்கு எத்தனை ஆண்டுப் பயிற்சி தேவை என்பதை ஒலிபெருக்கி முன் ஒருமுறையாவது நின்றவர்கள் அறிவார்கள். உங்களுக்கு அவருடைய ஆங்கிலம் புரிந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்: அவர் சொல்லுக்கு முன்பாகப் பொருளைக் கையில் எடுத்துக் காட்டிவிடுவார்.

கேள்வி: அவர் உண்மையிலேயே விவசாயியா, அல்லது விவசாயி வேடம் போட்ட நகரத்துக்காரரா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: கேள்வியில் இருக்கும் சந்தேகம் நியாயமானது, ஆனால் பதில் இந்த இரண்டில் ஒன்றாக அமையாது. அவருடைய குடும்பம் யார்க்ஷயரின் ஹடர்ஸ்ஃபீல்டு பகுதியைச் சேர்ந்த கம்பளி வணிகக் குடும்பம். அவர் லண்டனில் கால்நடை மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். பிறகு அந்த வழியை விட்டு விளம்பர வாசகங்கள், வானொலி எழுத்து, பத்திரிகை என்று போனார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ‘லில்லிபுட்’ என்ற புகழ்பெற்ற மாத இதழின் ஆசிரியராக இருந்தார். பின்னர் இங்கிலாந்தின் தேசிய விவசாயிகள் சங்கத்தின் செய்தித் தொடர்புப் பணியில் சேர்ந்தார். சதர்ன் டெலிவிஷனிலும் அவர் வெறும் தொகுப்பாளர் அல்லர், நிகழ்ச்சிகளை முடிவு செய்யும் நிர்வாகப் பொறுப்பிலும் இருந்தவர். ஆகவே ‘ஏதோ ஒரு கிராமத்துக் கிழவரைப் பிடித்து உட்காரவைத்தார்கள்’ என்று எண்ணியவர்கள் ஏமாந்தார்கள். தொலைக்காட்சித் தொழிலை உள்ளும் புறமும் அறிந்த ஒருவர்தான் அந்தத் தொப்பிக்குக் கீழே இருந்தார்.

ஆனால் சிறுவயதில் பண்ணை வாழ்வை அருகிருந்து பார்த்தவர் என்பதும், தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றி 1951இலேயே ஒரு நூல் எழுதியவர் என்பதும், குதிரையை வண்டியில் பூட்டி ஓட்டத் தெரிந்தவர் என்பதும் அதே அளவுக்கு உண்மை. பிற்காலத்தில் டார்செட் மாவட்டத்தில் பெல்சால்வெல் என்ற சிற்றூரில், அவர் பேசிய உலகத்துக்கு நடுவிலேயே வாழ்ந்தார். வேடம் என்ற சொல்லை நான் பயன்படுத்தமாட்டேன். நகரத்துக்காரருக்கு எது தெரியாது என்பது தெரிந்திருந்த நாட்டுப்புற அபிமானி என்று வேண்டுமானால் சொல்லலாம். பிறந்ததிலிருந்து ஏர் பிடித்த ஒருவர், கொழுவைப் பற்றி விளக்க வேண்டும் என்றே நினைத்திருக்க மாட்டார்.

கேள்வி: அழிந்துபோன தொழில்களைக் காட்டும் நிகழ்ச்சிகள் எல்லா நாட்டிலும் உண்டு. இவரிடம் மட்டும் என்ன தனிச்சிறப்பு? ஓர் எடுத்துக்காட்டாவது சொல்லுங்கள். (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: ‘அந்தக் காலத்தில் இப்படிச் செய்தார்கள்’ என்று சொல்வதோடு மற்றவர்கள் நின்றார்கள், ‘ஏன் இப்படிச் செய்தார்கள்’ என்று கேட்டவர் இவர். பழைய சாமான் கடையில் கிடைத்த, என்ன பயன் என்றே தெரியாத ஓர் இரும்புத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்குவார். சில நிமிடங்களில் அந்தக் கருவியின் வளைவுக்கும் கைப்பிடியின் நீளத்துக்கும் காரணம் புரிந்துவிடும். கூடவே அதைப் பிடித்திருந்த மனிதரின் ஒரு நாள் வேலையும் புரிந்துவிடும்.

ஆடுகளை அடைக்கும் வேலியான கிடைத்தட்டியை முடைவோரின் தொழிலைப் பாருங்கள். தென் இங்கிலாந்தின் சுண்ணாம்பு மேடுகளில் மண் சத்துக் குறைந்தது. அங்கே ஆடுகளைப் பகலில் மேட்டில் மேய்த்து, இரவில் அவற்றின் சாணம் எருவாகும்படி விளைநிலத்தில் கிடை போடுவார்கள். நம் ஊர்க் கீதாரிகளுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. கிடையைத் தினமும் இடம் மாற்ற வேண்டும் என்பதால், தூக்கிச் செல்லக்கூடிய எடையில், காற்றைத் தடுக்கும் அடர்த்தியில் தட்டிகள் தேவைப்பட்டன. அவற்றுக்கென்றே ஹேசல் புதர்களை வளர்த்தார்கள். ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குளிர்காலத்தில் அடியோடு வெட்டுவார்கள். அடிக்கட்டை மீண்டும் துளிர்த்து, அடுத்த வெட்டுக்கு நேரான கழிகளைத் தரும். முடைபவர் கழியை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, நிறுத்திய குச்சிகளுக்கு இடையே பின்னிச் செல்வார். ஓரத்துக் குச்சியைச் சுற்றித் திருப்பும் இடத்தில் கழியை வளைத்தால் ஒடிந்துவிடும். ஆகவே அந்த ஓர் இடத்தில் மட்டும் அதை முறுக்குவார். முறுக்கிய நார்கள் கயிறுபோல் பிரிந்து, ஒடியாமல் திரும்பும்.

இனித்தான் ஹார்கிரீவ்ஸ் போன்றவருக்குப் பிடித்த இடம் வருகிறது. தட்டியின் நடுவில் ஒரு சிறு ஓட்டை விட்டிருப்பார்கள். அறியாதவர் அதைப் பின்னலின் குறை என்றே நினைப்பார். ஆட்டுக்காரர் நாலைந்து தட்டிகளை அடுக்கி, அந்த ஓட்டைகளின் வழியே ஒரு கழியைச் செருகி, தோளில் தூக்கிக்கொண்டு அடுத்த வயலுக்கு நடப்பார். அதற்காகவே அந்த ஓட்டை. ஒரு பொருளில் இருக்கும் இத்தகைய காரணத்தைக் கண்டுபிடித்து, அது முழுவதும் விளங்கும் வரை அதனுடனேயே இருக்கும் பொறுமைதான் அவருடைய தனிச்சிறப்பு என்பது என் கருத்து. பின்னணி இசையை உயர்த்தி, அஸ்தமனச் சூரியனைக் காட்டி நம்மை உருகவைக்க அவர் முயன்றதில்லை.

அவர் நெடுங்காலம் பழகிய நியூ ஃபாரஸ்ட் வட்டாரத்திலும் இதேபோல் ஒன்று உண்டு. 1079ஆம் ஆண்டு வாக்கில் வில்லியம் மன்னர் வேட்டைக்காக ஒதுக்கிய அந்தக் காட்டில் திரியும் மட்டக்குதிரைகளைக் காட்டுக்குதிரைகள் என்று சுற்றுலாப் பயணிகள் நினைத்துக்கொள்வார்கள். ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் உண்டு. அந்த மேய்ச்சல் உரிமையும் ஆளோடு அல்ல, குறிப்பிட்ட வீட்டோடும் நிலத்தோடும் ஒட்டிவருவது. இலையுதிர் காலத்தில் குதிரையேறிய உரிமையாளர்கள் அவற்றை விரட்டி வளைத்துப் பட்டியில் அடைப்பார்கள். மேய்ச்சல் கட்டணம் செலுத்தப்பட்டதற்கு அடையாளமாக, காட்டு மேற்பார்வையாளர் வால் மயிரை ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் கத்தரித்துவிடுவார்; எந்த வடிவம் என்பதைப் பார்த்து எந்த மேற்பார்வையாளரின் வட்டாரம் என்று சொல்லிவிடலாம். காகிதமே இல்லாத ரசீது!

கேள்வி: பழமையைப் புகழும் இத்தகைய நிகழ்ச்சிகள் பண்ணைக் கூலிகளின் துன்பத்தை மறைத்துவிடுகின்றன என்பது என் குற்றச்சாட்டு. உங்கள் ஹார்கிரீவ்ஸ் மட்டும் விதிவிலக்கா? (வாசகர், சேலம்)

பதில்: முழு விதிவிலக்கு என்று வாதாட மாட்டேன். இங்கிலாந்தின் பண்ணைத் தொழிலாளர் பலர், வேலை போனால் வீடும் போகும் என்ற நிலையில், முதலாளி தந்த குடிசைகளில் வாழ்ந்தார்கள். அவர்களுக்குக் குடியிருப்புப் பாதுகாப்பு தரும் சட்டம் 1976இல்தான் வந்தது. அதாவது இந்தத் தொடர் பதினாறு ஆண்டுகள் ஓடிய பிறகு. லாடம் அடிப்பவரின் திறமை திரையில் தெரிந்த அளவுக்கு அவருடைய வருமானம் தெரியவில்லை என்று நீங்கள் சொன்னால் என்னிடம் மறுப்பு இல்லை.

ஆனால் இனிப்புப் பூசிய கிராமத்தை அவர் காட்டினார் என்பதை ஏற்க முடியாது. வளையிலிருந்து முயலை விரட்டப் பழக்கிய ஃபெரட் என்னும் சிறு விலங்கும், பிடித்த மீனும், சந்தைக்குப் போகும் ஆடும் அவர் நிகழ்ச்சியில் உள்ளபடியே வந்தன. விலங்குகளைக் கொஞ்சுவதற்கு மட்டுமே வைத்திருக்கும் நகரத்தாருக்கு அது சில நேரம் சங்கடமாகவும் இருந்தது. மேலும் அவர் பேசிய காலத்தைக் கவனியுங்கள். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் பெரிய இயந்திரங்கள் திரும்புவதற்கு வசதியாக வேலிப் புதர்கள் மைல் கணக்கில் பிடுங்கப்பட்டன. குதிரை பூட்டி உழுதவர்கள் உயிரோடிருந்தார்கள். அவர்களிடம் கேட்டுப் பதிந்துவைப்பதற்குக் கிடைத்த கடைசி வாய்ப்பு அது. ஒரு வேலையில் இருக்கும் அறிவைப் பதிவுசெய்பவர் அந்த வேலையின் கூலியை நியாயப்படுத்துகிறார் என்று ஆகிவிடாது.

கேள்வி: குழந்தைகளுக்கான நிகழ்ச்சியிலும் அவர் தோன்றினாராமே? (வாசகி, சென்னை)

பதில்: ஆம். 1966இல் தொடங்கி 1981 வரை ஓடிய ‘ஹவ்’ என்ற நிகழ்ச்சி. ஃப்ரெட் டைனனேஜ், ஜான் மில்லர், பண்டி ஜேம்ஸ் ஆகியோருடன் அவரும் வரிசையாக அமர்ந்திருப்பார். தொடக்கத்தில் எல்லோரும் கையை உயர்த்தி நிகழ்ச்சியின் பெயரைச் சொல்வார்கள். பிறகு ஆளுக்கொரு பொருளை எடுத்து அது எப்படி இயங்குகிறது என்று விளக்குவார்கள். தென் இங்கிலாந்துக்கு வெளியே, அவரை இந்த நிகழ்ச்சியில் மட்டுமே பார்த்து வளர்ந்தவர்கள் ஏராளம்.

கேள்வி: பி.பி.சி.யில் ஆட்டு நாய்ப் போட்டிகளை வழங்கிய ஃபில் டிராபிள், ஹார்கிரீவ்ஸ்: இருவரில் யார் உங்களுக்குப் பிடித்தவர்? (வாசகர், திருச்சி)

பதில்: 1976இல் பி.பி.சி. இரண்டாம் அலைவரிசையில் தொடங்கிய ‘ஒன் மேன் அண்ட் ஹிஸ் டாக்’ நிகழ்ச்சியை டிராபிள் 1993 வரை வழங்கினார். சீழ்க்கை ஒலிக்குக் கட்டுப்பட்டு ஒரு நாய் ஆடுகளை மலைச்சரிவில் இறக்கிப் பட்டியில் அடைப்பதை லட்சக்கணக்கானோர் மூச்சுப் பிடித்துப் பார்த்தார்கள் என்பது ஒளிபரப்பு வரலாற்றின் இனிய வியப்புகளில் ஒன்று. ஆயினும் அங்கே நாயகன் நாய். டிராபிள் அதை அறிந்து அடக்கமாக ஒதுங்கி நின்றார். ஹார்கிரீவ்ஸிடம் ஒதுங்க இடமில்லை, பேச்சுதான் நிகழ்ச்சி. என் ஓட்டு அவருக்கே.

கேள்வி: இப்போது அவற்றைப் பார்க்க முடியுமா? (வாசகர், டொராண்டோ)

பதில்: ஓரளவு முடியும். சதர்ன் டெலிவிஷனுக்கு உரிமம் புதுப்பிக்கப்படாததால் 1981 டிசம்பர் 31 அன்று அதன் ஒளிபரப்பு நின்றது. தற்செயலாக அன்று ஹார்கிரீவ்ஸுக்கு எழுபது வயது நிறைந்த நாள். நிகழ்ச்சியின் முழு ஒளிப்பதிவுகள் பல காக்கப்படவில்லை. வெளிப்புறப் படச்சுருள்களில் ஒரு பகுதி தப்பியது. எண்பதுகளில் அவர் மீண்டும் கொட்டகையில் அமர்ந்து, தப்பிய படங்களுக்குப் புதிதாகப் பேசி, அவை வீடியோ கேசட்டுகளாக வெளிவந்தன. சானல் 4 அலைவரிசைக்காக அவர் வழங்கிய ‘ஓல்ட் கன்ட்ரி’ என்ற தொடரும் அதே காலத்தது. இரண்டும் பின்னர் டி.வி.டி.யாகவும் வந்துள்ளன. முதலில் பார்ப்பவர்களுக்கு ‘ஓல்ட் கன்ட்ரி’யைப் பரிந்துரைப்பேன். வயது ஏறியிருந்தாலும் அவருடைய குரல் அதில் தெளிவாக இருக்கிறது.