மின் ஸ்கூட்டர்: வாங்கிய பிறகு வரும் கணக்கு (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: பெட்ரோல் செலவு மிச்சமாகும் என்று விலை குறைந்த மின் ஸ்கூட்டர் வாங்கினேன். மின் கட்டணம் ஏறியதே தெரியவில்லை. ஆனால் பேட்டரி மாற்றச் சொன்ன தொகையைக் கேட்டதும் தலை சுற்றிவிட்டது. ஒரு கிலோமீட்டருக்கு உண்மையில் எவ்வளவு ஆகிறது என்று எப்படிக் கணக்குப் போடுவது?

பதில்: மின் கட்டணத்தை மட்டும் பார்த்தால் எந்த மின் ஸ்கூட்டரும் இனாம் மாதிரிதான் தெரியும். பெட்ரோல் வண்டியில் எரிபொருளைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குகிறோம். மின் வண்டியில் எரிபொருளின் பெரும்பங்கை பேட்டரி என்ற பெயரில் மொத்தமாக முன்பணம் கட்டி வாங்கிவிடுகிறோம். அந்த முன்பணத்தைக் கிலோமீட்டரால் வகுத்தால்தான் கணக்கு நேராகும்.

60 வோல்ட், 24 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரியை எடுத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 1,440 வாட்-மணி, அதாவது ஏறக்குறைய ஒன்றரை யூனிட். சிறிய ஸ்கூட்டர் நிதானமான வேகத்தில் கிலோமீட்டருக்கு 25 முதல் 35 வாட்-மணி எடுக்கும். நடுவில் 30 என்று வையுங்கள்.

ஈய அமில பேட்டரி என்றால் எழுதியிருக்கும் கொள்ளளவில் 80 சதவீதம்தான் கைக்கு வரும். 1,150 வாட்-மணி, 38 கிலோமீட்டர். இது புதிதில். தேயத் தேய இது குறையும் என்பதால் ஆயுள் முழுவதற்கும் சராசரி 32 என்று கொள்ளலாம். முழுதாக இறக்கி ஏற்றினால் சுமார் 300 தடவை தாங்கும். 32 × 300 = 9,600 கிலோமீட்டர். லித்தியம் என்றால் 90 சதவீதம் கிடைக்கும், சராசரி 38 கிலோமீட்டர், அடக்கமாகச் சொன்னாலும் 800 தடவை. 38 × 800 = 30,400 கிலோமீட்டர். புது செட்டின் விலையை இந்த எண்ணால் வகுங்கள். அதுதான் உங்கள் பேட்டரிச் செலவு. லித்தியம் பேக்கின் விலை ஈய செட்டைப் போல மூன்று மடங்குக்குள் இருந்தால் லித்தியமே லாபம் என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்.

இதோடு மின்சாரத்தைக் கூட்டுங்கள். சார்ஜரும் பேட்டரியும் வெப்பமாக வீணாக்குவதையும் சேர்த்தால் 100 கிலோமீட்டருக்கு லித்தியம் வண்டி சுவரிலிருந்து மூன்றரை யூனிட்டுக்குச் சற்று மேலும், ஈய அமில வண்டி நாலரை யூனிட் அளவும் இழுக்கும். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கும் பெட்ரோல் ஸ்கூட்டர் அதே தூரத்துக்கு 2 லிட்டர் குடிக்கும். இரண்டுக்கும் உங்கள் விலையைப் போட்டுப் பாருங்கள். டயர், பிரேக், காப்பீடு இரண்டு வண்டிக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அவற்றை ஒப்பீட்டில் விட்டுவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. தினமும் ஐந்து கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பேட்டரிக்கு வயதும் உண்டு. ஓடாமல் நின்றாலும் ஈய அமிலம் இரண்டு மூன்று வருடத்தில் தளரும், லித்தியமும் காலப்போக்கில் தேயும். குறைவாக ஓட்டுபவர் விலையைக் கிலோமீட்டரால் வகுக்காமல் வருடத்தால் வகுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் அவருக்குப் பெரிய லித்தியம் பேக் வீண் செலவாகவும் இருக்கலாம்.

கேள்வி: விளம்பரத்தில் 70 கிலோமீட்டர் என்றார்கள். எனக்கு 45ஐத் தாண்டுவதில்லை. வண்டியில் குறையா?

பதில்: பெரும்பாலும் இல்லை. அந்த எண் ஒற்றை ஆள், சமதளம், ஒரே சீரான குறைந்த வேகம் ஆகியவற்றில் எடுத்தது. சாலையில் அதில் 60 முதல் 75 சதவீதம் கிடைத்தால் நியாயம். காற்று எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால் மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் போவதற்குப் பதில் 35இல் போனாலே வித்தியாசம் தெரியும். டயர் காற்றைப் பாருங்கள், சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி பிரேக் உரசுகிறதா என்று கேளுங்கள். இரண்டும் சரியாக இருந்தால் கவலை வேண்டாம். போன மாதம் 45, இந்த மாதம் 32 என்றால்தான் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும்.

கேள்வி: ஐந்து ஈய அமில பேட்டரி உள்ள வண்டி. ஒன்பது மாதம்தான் ஆகிறது. மீட்டரில் பாதி சார்ஜ் காட்டும்போதே மேட்டில் நின்றுவிடுகிறது. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி ஓடுகிறது. மெக்கானிக் மொத்த செட்டையும் மாற்றச் சொல்கிறார்.

பதில்: மாற்றுவதற்கு முன் ஒரு மல்டிமீட்டர் (வோல்டேஜ் அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். ஐந்தில் ஒன்று படுத்திருந்தாலும் இதே அறிகுறிதான் வரும். மேட்டில் மோட்டார் அதிக ஆம்பியர் கேட்கும், பலவீனமான பேட்டரியின் வோல்டேஜ் சரியும், மொத்த வோல்டேஜ் எல்லைக்குக் கீழே போனதும், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் வெட்டிவிடும். சற்று நின்றால் வோல்டேஜ் மீண்டு வரும், வண்டியும் கிளம்பும்.

முழு சார்ஜ் ஏற்றி, சார்ஜரைக் கழற்றி மூன்று மணி நேரம் கழித்து ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளவெடுங்கள். 12.8 முதல் 13.2 வோல்ட் வரை இருக்க வேண்டும். இதில் எல்லாமே நல்ல பிள்ளையாகத் தெரியலாம், ஏமாற வேண்டாம். வண்டி நின்றுபோகும் நிலை வரை ஓட்டி, வந்த உடனே மறுபடி அளவெடுங்கள். நான்கு 12.2 காட்டி ஒன்று மட்டும் 11 என்றால் குற்றவாளி அதுதான். ஐந்தும் சேர்ந்தே இறங்கியிருந்தால் மெக்கானிக் சொன்னது சரி.

ஒன்பது மாதத்தில் ஒன்றை மட்டும் மாற்றலாம், வாரண்டியில் கிடைக்கவும் வாய்ப்பு உண்டு. ஒன்றரை வருடம் ஓடிய செட்டில் ஒரே ஒரு புது பேட்டரியைச் சேர்ப்பது காசைக் கரைப்பது. பழைய நான்கும் முன்னதாகவே காலியாகும், அடுத்து பலவீனமானது படுக்கும், மாதம் ஒன்றாக மாற்றிக்கொண்டே இருப்பீர்கள். அதற்குப் பதில் அதே வயதுள்ள, அதே ஏ.எச். பழைய பேட்டரி ஒன்று கிடைத்தால் அதைப் போட்டு செட்டை முடித்துக்கொள்வது மேல்.

ஒன்று ஏன் முன்னதாகப் படுத்தது என்பதையும் பாருங்கள். பேட்டரிகளை இணைக்கும் ஒயரின் போல்ட் தளர்ந்து அந்த முனை கருத்திருக்கலாம். அடிக்கடி அடிமட்டம் வரை ஓட்டி, இரவு சார்ஜ் போடாமல் விட்டிருக்கலாம். காலியாக நிற்கும் ஈயத் தகட்டில் சல்பேட் படிகம் கெட்டியாகிவிடும், பிறகு சார்ஜ் ஏறாது. ஈய அமிலத்தில் விதி எளிது: ஓட்டி வந்ததும் ஏற்று, மீதி எவ்வளவு இருந்தாலும் ஏற்று.

கேள்வி: சார்ஜர் கெட்டுவிட்டது. நண்பருடையதும் 60 வோல்ட் வண்டிதான், பிளக்கும் பொருந்துகிறது. அதைப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். 60 வோல்ட் என்பது பேட்டரியின் செல்லப் பெயர்தான். சார்ஜர் எந்த வோல்டேஜில் நிறுத்துகிறது என்பதுதான் விஷயம். ஐந்து ஈய அமில பேட்டரிக்கு 73.5 வோல்ட் அளவு. 16 செல் வரிசை என்.எம்.சி. (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த) லித்தியத்துக்கு 67.2. 20 செல் வரிசை எல்.எஃப்.பி. (இரும்பு பாஸ்பேட்) லித்தியத்துக்கு 73. எல்.எஃப்.பி. சார்ஜரை 16 செல் என்.எம்.சி. பேக்கில் மாட்டினால் ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்டுக்குப் பதில் 4.5ஐத் தாண்டப் பார்க்கும். பேக்குக்குள் காவல் காக்கும் சர்க்யூட்டான பி.எம்.எஸ். வெட்டினால் பிழைத்தோம், மலிவு பேக்கில் அது வெட்டும் என்ற நம்பிக்கையில் வீட்டுக்குள் சார்ஜ் போடுவது தீயோடு விளையாடுவது.

பிளக் பொருந்துவதும் சாட்சி ஆகாது. கம்ப்யூட்டர் பவர் கார்டு மாதிரியான மூன்று துளை பிளக்கைப் பல தயாரிப்பாளர்கள் பயன்படுத்துகிறார்கள், எந்த முனை பிளஸ் என்பது ஆளுக்கு ஆள் மாறும். புது சார்ஜர் வாங்கும்போது பழையதன் லேபிளில் உள்ள அவுட்புட் வோல்ட், ஆம்பியர், பேட்டரி வகை மூன்றையும் ஒப்பிடுங்கள். பிளஸ் மைனஸை மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே மாட்டுங்கள்.

கேள்வி: விளக்கு எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, மீட்டரில் சார்ஜ் முழுதாக இருக்கிறது. முறுக்கினால் வண்டி நகரவில்லை. கன்ட்ரோலர் போய்விட்டது என்கிறார்கள்.

பதில்: கன்ட்ரோலர் விலை உயர்ந்த பாகம் என்பதால் கடைசியில்தான் அதைச் சந்தேகிக்க வேண்டும். முதலில் பார்க்கிங் பட்டனும் சைடு ஸ்டாண்ட் ஸ்விட்சும். அடுத்து பிரேக். பிரேக் பிடித்தால் மோட்டாரை நிறுத்தும் சிறிய ஸ்விட்ச் ஒவ்வொரு லீவரிலும் இருக்கிறது. லீவரைத் தொடாமலே பின்னால் பிரேக் லைட் எரிந்தால் அந்த ஸ்விட்ச் மாட்டிக்கொண்டிருக்கிறது. மழைக்குப் பிறகு இந்தக் கோளாறு சகஜம். சுத்தம் செய்தாலே போதும்.

பிறகு த்ராட்டில், அதாவது முறுக்கும் கைப்பிடி. அதற்கு மூன்று ஒயர்: 5 வோல்ட், எர்த், சிக்னல். முறுக்காதபோது சிக்னலில் 0.8 வோல்ட் அளவும், முழுதாக முறுக்கினால் 3.6 முதல் 4.2 வரையும் வர வேண்டும். மாறாமல் ஒரே எண்ணில் நின்றால் த்ராட்டில்தான், மலிவான பாகம். 5 வோல்ட் வரவே இல்லையென்றால் த்ராட்டில், மோட்டார் ஹால் சென்சார் (மோட்டார் எந்த நிலையில் சுற்றுகிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்வது) இரண்டின் கனெக்டரையும் கழற்றிப் பாருங்கள். கழற்றியதும் 5 வோல்ட் திரும்பினால் அந்தப் பக்கம் ஷார்ட்.

வண்டி உதறி உதறி நகர்ந்தால் ஹால் சென்சார். சாவியைப் போட்டு, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றி, மூன்று சிக்னல் ஒயரிலும் வோல்டேஜ் மாறி மாறி ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். ஒன்று அசையாமல் இருந்தால் அந்த சென்சாரோ அதன் ஒயரோ போயிருக்கிறது. கடைசியாக, சாவியை எடுத்த பிறகும் சக்கரம் இறுகி இறுகிச் சுற்றி, மோட்டாரின் மூன்று தடித்த ஒயரையும் கழற்றித் தனித்தனியாக விட்டதும் இலகுவாகச் சுற்றினால், அப்போதுதான் கன்ட்ரோலர் எரிந்தது என்று ஒப்புக்கொள்ளலாம். மாற்றும்போது அதே வோல்டேஜ், அதே ஆம்பியர். வேகத்துக்காகக் கூடுதல் ஆம்பியர் போட்டால் பி.எம்.எஸ்.ஸும் ஒயரும் தாங்காது.

கேள்வி: இன்ஜினே இல்லை, ஆயில் இல்லை. பிறகு எதற்கு சர்வீஸ்?

பதில்: பிரேக்குக்கும் போல்ட்டுக்கும். டிரம் பிரேக் லீவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வெற்றசைவு (பிரேக் பிடிக்கும் முன் லீவர் சும்மா ஆடும் தூரம்) இருக்க வேண்டும். கேபிள் இழுபட இழுபட அது கூடும், நட்டைத் திருகினால் சரியாகும். டிஸ்க் என்றால் பேடைப் பாருங்கள், பிரேக் திரவத்தை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இன்ஜின் பிடிப்பு இல்லாத வண்டி என்பதால் இறக்கத்தில் முழு வேலையும் பிரேக்குக்குத்தான்.

டயர் காற்றை வாரம் ஒருமுறை. பின்சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் இருப்பதால் பின் டயர் சீக்கிரம் தேயும், பஞ்சர் ஒட்டக் கழற்றுவதும் பெரிய வேலை. மாட்டும்போது அச்சு நட்டு சரியாக இறுகாவிட்டால் அச்சே சுழன்று மோட்டார் ஒயரை அறுத்துவிடும். பஞ்சர் போட்டு வந்த அன்று அந்த நட்டையும் ஒயர் நசுங்கியிருக்கிறதா என்பதையும் நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள். கழுவும்போது பிரஷர் பம்பை மோட்டார் அச்சின் பக்கம் காட்டாதீர்கள், தண்ணீர் உள்ளே போனால் பேரிங் துருப்பிடித்து ஊளையிடும். பேட்டரி, எம்.சி.பி. (பேட்டரி இணைப்பை வெட்டும் ஸ்விட்ச்), சார்ஜிங் சாக்கெட் முனைகளில் பழுப்போ உருகலோ தெரிந்தால் தளர்ந்த இணைப்பு சூடாகிறது என்று பொருள். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

கேள்வி: லித்தியம் பேட்டரியை 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்கிறார்கள். இரவு முழுவதும் விடலாமா?

பதில்: என்.எம்.சி. என்றால் தினசரி 80, 90இல் நிறுத்துவது ஆயுளைக் கூட்டும். ஆனால் மலிவு பேக்குகளில் செல்களைச் சமப்படுத்தும் வேலை முழு சார்ஜின் விளிம்பில்தான் நடக்கும். எப்போதும் 80இல் நிறுத்தினால் செல்கள் ஒன்றோடொன்று விலகிப்போகும். மாதம் ஒருமுறையாவது நூறு வரை விடுங்கள். எல்.எஃப்.பி. என்றால் வாரம் ஒருமுறை. அதன் வோல்டேஜ் நடுவில் ஏறாமல் இறங்காமல் நிற்பதால் மீட்டருக்கே சார்ஜ் எவ்வளவு என்று தெரியாமல் போய்விடும்.

எத்தனை மணி நேரம் என்பதற்கு ஏ.எச்.ஐச் சார்ஜரின் ஆம்பியரால் வகுத்து ஒன்றிரண்டு மணி கூட்டுங்கள். 24 ஏ.எச்., 6 ஆம்பியர் என்றால் ஐந்தாறு மணி. ஓட்டி வந்த சூட்டில் மாட்டாமல் அரை மணி ஆறவிடுங்கள். வாசலை அடைக்காத இடத்தில், கண் பார்வையில் சார்ஜ் போடுங்கள். ஈய அமிலத்தில் பன்னிரண்டு மணி ஆகியும் பச்சை விளக்கு வராமல் பேட்டரி கொதித்தால் உடனே கழற்றுங்கள், உப்பிப்போகும். மாதக் கணக்கில் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் லித்தியத்தைப் பாதி சார்ஜில் விட்டு எம்.சி.பி.யை இறக்கிவிட்டுப் போகலாம். ஈய அமிலத்தை முழுதாக ஏற்றிவிட்டுப் போய், மாதம் ஒருமுறை யாரையாவது ஏற்றச் சொல்ல வேண்டும்.

கேள்வி: மூன்று வருடம் ஓடிய மின் ஸ்கூட்டர் பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: கேட்கும் விலையோடு புது பேட்டரியின் விலையைக் கூட்டுங்கள். அது புது வண்டியின் விலையை நெருங்கினால் விட்டுவிடுங்கள். நெருங்கவில்லை என்றால், முழு சார்ஜ் ஏற்றச் சொல்லி, கையில் மல்டிமீட்டரோடு போய், பத்து கிலோமீட்டராவது ஒரே ஓட்டமாக ஓட்டிப் பாருங்கள். முழுதாக முறுக்கும்போது வண்டியின் சார்ஜ் மீட்டரில் இரண்டு மூன்று கோடு சரிந்து, விட்டதும் ஏறினால் பேட்டரி முடிந்துகொண்டிருக்கிறது. வாரண்டி அட்டையில் எத்தனை சதவீதக் கொள்ளளவுக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள், புது உரிமையாளருக்கும் அது செல்லுமா என்று படியுங்கள். டிஸ்ப்ளே, பாடி பிளாஸ்டிக், பூட்டு செட் இன்னும் கிடைக்கிறதா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். மோட்டாருக்கும் கன்ட்ரோலருக்கும் பொதுவான மாற்றுப் பாகம் கிடைத்துவிடும், உடைந்த முன்பக்கப் பிளாஸ்டிக்குக்குத்தான் கிடைக்காது.