தகரம் போட்ட பின்னறையில் நாற்றுக்கு லைட் பூட்டலாமா? எப்படிப் பூட்டினால் ஆபத்தில்லை?

பூட்டலாம். ஆனால் லைட் வாங்குவதற்கு முந்தி அந்த அறைக்குக் கரண்ட் எந்த வழியாக வருகிறது என்று போய்ப் பாருங்கள்.

இலங்கை மலையகத்தில் நானுஓயாப் பக்கம், வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்டு இழுத்த சின்ன அறை, உள்ளே சலாதும் கறிமிளகாய் நாற்றும், மழை மாதங்களில் எல்லாம் வெளிறி நெட்டையாகப் போய்த் தலை சாய்கிறது, ஒன்லைனில் பார்த்த பெரிய ஊதா லைட் இரண்டு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த லைட் நல்லது என்று சொல்ல நிறையப் பேர் வருவார்கள். எனக்குக் கவலை அந்தத் தகரமும் ஈரமும்தான்.

நான் தலவாக்கலைப் பக்கம். இங்கே பார்த்த வரைக்கும், பின்னால் இழுத்த அறைக்கென்று தனியாக வயரிங் செய்த வீடு குறைவு. முன்னறை பல்ப் ஹோல்டரிலிருந்து இரண்டு வயரைத் திருகி, டேப் சுற்றி, தகரத்துக்கு அடியில் ஆணியில் மாட்டி இழுத்திருப்பார்கள். ஒரு பல்ப் எரிகிற வரைக்கும் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. காற்றுக்கு வயர் ஆடி ஆடித் தகர விளிம்பில் தோல் உரிந்துபோனால் கூரை முழுக்கக் கரண்ட் ஏறும், அந்த நேரம் நீங்கள் ஈரத் தரையில் நின்று இரும்பு இறாக்கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பீர்கள். எங்கள் கரண்ட் 230 வோல்ட், விளையாட்டில்லை.

ஆகவே முதல் வேலை மெயின் போர்ட். கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து கரண்டை நிறுத்துகிற ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா, அதில் 30 மில்லிஅம்பியர் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதிலேயே டெஸ்ட் பட்டன் ஒன்று இருக்கும், அழுத்தியதும் டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் லைட் கதையை அங்கேயே நிறுத்திவிட்டு வயரிங் பாஸைக் கூப்பிடுங்கள். அவரிடம் எர்த் சேர்த்த மூன்று வயர் கேபிள் இழுத்து, நெஞ்சு உயரத்தில் ஒரு பிளக் பொயின்ட் போட்டுத் தரச் சொல்லுங்கள், தண்ணீர்த் தட்டிலிருந்து தள்ளியே இருக்கட்டும். இரும்பு இறாக்கை என்றால் அதையும் எர்த்தில் சேர்க்க வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள். மழை வந்தால் ட்ரிப் சுவிட்ச் விழுந்துகொண்டே இருக்கிறது என்று அதைக் கழற்றிவிட்டு நேராகக் கொடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அது விழுகிறதென்றால் எங்கேயோ கரண்ட் கசிகிறது என்று அர்த்தம், கசிகிற இடத்தைத்தான் தேட வேண்டும்.

சரி, இப்போது லைட். ஐரோப்பாக்காரர்கள் 16 மணி நேரம் எரிக்கச் சொல்வது அவர்களுடைய குளிர்காலப் பகல் அவ்வளவு குட்டை என்பதற்காக. நுவரெலியாவில் டிசம்பரிலும் பகல் பதினொன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. நமக்குக் குறைவது வெளிச்சத்தின் பலம்தான், மே கடைசியில் தொடங்குகிற தென்மேற்குப் பருவ மழையும் பனிமூட்டமும் செப்டெம்பர் வரைக்கும் வெயிலைத் தின்றுவிடும். அதனால் ராத்திரி முழுக்க எரிக்கத் தேவையே இல்லை, காலை 6 மணியிலிருந்து மாலை 6 வரை பகலோடு பகலாக எரியட்டும், ரொம்ப மூட்டமான நாளில் 8 மணி வரை விடலாம். வீட்டில் ஆள் நடமாடும் நேரத்தில் எரிவதில் இன்னொரு லாபம், கருகல் வாசம் வந்தால் யாருக்காவது தெரியும்.

என் இறாக்கை 2 அடி அகலம். அதற்கு 4 அடி நீள, 20 வாட் வெள்ளை எல்.ஈ.டி. பேட்டன் (டியூப் லைட் மாதிரி நீள லைட்) இரண்டு, 6500 கெல்வின் (பகல் வெளிச்சம் மாதிரி வெள்ளை), இலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில். சலாதுக்கும் நாற்றுக்கும் இது போதும். ஊதா லைட்டிலும் செடி வளரும்தான், ஆனால் அந்த வெளிச்சத்தில் இலை மஞ்சளிப்பதும் தெரியாது, அசுவினி ஏறியிருப்பதும் தெரியாது, கண்ணும் கூசும். பெட்டியில் 1000 வாட் என்று பெரிதாகப் போட்டிருப்பதையும் நம்பாதீர்கள், நிஜமாக எவ்வளவு இழுக்கிறது என்று லேபலில் சின்ன எழுத்தில் இருக்கும். கோழிக்குஞ்சுக்குப் போடுகிற குண்டு பல்ப் வேண்டவே வேண்டாம். அது தின்கிற கரண்டில் பெரும்பகுதி சூடாகத்தான் போகிறது, சூடான கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் வெடிக்கும்.

பில்லையும் கணக்குப் போடுங்கள். 40 வாட் 12 மணி நேரம் எரிந்தால் நாளுக்கு அரை யூனிட் மாதிரி, மாதத்துக்கு 15 யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஏற்கெனவே 50 யூனிட் எரிக்கிற வீடு என்றால் 60-ஐத் தாண்டிவிடும், தாண்டினால் கட்டணப் படியே மாறும்.

பேட்டன் வாங்கும்போது தூசியும் தண்ணீர்த் தெறிப்பும் உள்ளே போகாது என்று காட்டுகிற ஐ.பி. 65 போட்ட, இரண்டு முனையும் ரப்பர் வைத்து மூடியதாகக் கேளுங்கள். சாதாரண பேட்டனில் ராத்திரி பனி இறங்கி, காலையில் மூடிக்குள் முத்து முத்தாக நீர் நிற்கும், கொஞ்ச காலத்தில் பித்தளைப் பின்னில் பச்சை பூக்கும், அப்புறம் அந்த இடம் சூடேறும். லைட்டை அதன் வயரிலேயே தொங்கவிடாமல் இரண்டு முனையிலும் சங்கிலி போடுங்கள், செடி வளர வளர ஒவ்வொரு கண்ணியாக உயர்த்தலாம். வயர் மேலேயிருந்து நேராகப் பிளக்குக்குள் இறங்கவும் கூடாது. பிளக்கை விடத் தாழ்வாகத் தொங்கி, வளைந்து மேலேறிச் சொருக வேண்டும், அப்போதுதான் வயரில் வழிகிற தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். 13 அம்பியர் பிளக்குக்குள் இருக்கிற ஃபியூஸையும் கழற்றி 3 அம்பியர் போடுங்கள், 40 வாட்டுக்கு அது தாராளம். வெளிச்சம் திருப்பச் சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் போதும். சிலர் அலுமினியத் தாள் ஒட்டுகிறார்கள், அது கரண்ட் கடத்தும்.

நம்ம ஊருக்கே உள்ள ஒரு ஆபத்து துணி. ஜூலையில் ஒரு வாரமாகக் காயாத காலுறை கையில் இருக்கும்போது, எரிகிற லைட்டைப் பார்த்த எவருக்கும் அதன் மேலே போடத்தான் தோன்றும். வீட்டில் இப்போதே சொல்லிவையுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி தொடங்கும் முந்தியே பிளக்கைக் கழற்றிவிடுங்கள், சுவிட்சை அணைப்பது மட்டும் காணாது.

டைமர் வைப்பதாக இருந்தால் உள்ளே பேட்டரி உள்ளதாக வாங்குங்கள். முள் சுற்றுகிற மலிவு டைமர் கரண்ட் போனால் அப்படியே நின்றுவிடும், 2025 பெப்ரவரியில் பாணந்துறையில் ஒரு குரங்கு நாட்டுக்கே கரண்ட் நிறுத்தியதே, அந்த மாதிரி ஒரு நாள் வந்தால் உங்கள் லைட் நடுச்சாமத்தில் எரியும். சலாதுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. அதே அறையில் செவ்வந்திச் சட்டி இருந்தால் மட்டும் வெளியே எடுத்துவிடுங்கள், தினமும் ராத்திரியில் வெளிச்சம் பட்டால் அது மொட்டு விடாது.