கியர் இறுகினா முதல்ல எதைப் பாக்கிறது? திருகோணமலை ஓட்டுநரின்ர கேள்விகளும் பதில்களும்

கேள்வி (நிலாவெளி): அண்ணை, என்ர மோட்டார் சைக்கிள் பல்சர் 150. சந்தியில நிண்டா நியூட்ரல் விழுதேயில்லை. முதலாம் கியரும் முட்டிக்கொண்டுதான் விழுது. கராஜில இஞ்சினை இறக்கிப் பிரிக்கவேணும் எண்டு சொல்லுறாங்கள்.

பதில்: பொறுங்கோ தம்பி, இஞ்சினைப் பிரிக்கிறது கடைசி வேலை. சாவியை ஓஃப் பண்ணி, வாகனத்தை முன்னுக்கும் பின்னுக்கும் உருட்டிக்கொண்டு கியரை மாத்திப் பாருங்கோ. நிண்ட இடத்தில உருட்டாமல் மாத்தினா நல்ல வாகனத்திலயும் சில கியர் விழாது, அதை வைச்சு முடிவெடுக்க வேண்டாம். ஓஃப்பில சுகமா விழுந்து, ஸ்டார்ட்டில மட்டும் இறுகினா, குற்றம் கிளச்சில. கைக் கிளச் லீவரை முழுசாப் பிடிச்சாலும் உள்ளுக்கிருக்கிற கிளச் பிளேட்டுகள் விலகேல்லை. இஞ்சின் கியர் சாஃப்டைச் சுத்திக்கொண்டே இருக்கு, பற்கள் ஒண்டையொண்டு அழுத்திக்கொண்டு நிக்குது. ரெண்டு நிலையிலயும் இறுகினாத்தான் கியர் லீவர், சாஃப்ட், உள்ளுக்குப் போற யோசனை.

நீங்கள் சொல்லுறது கிளச் மாதிரித்தான் கிடக்கு. கிளச் லீவரின்ர நுனியில சும்மா ஆடுற ஆட்டம் 10 முதல் 20 மி.மீ. வரை இருக்கவேணும். கூடினா பிளேட் விலகாது, கியர் இறுகும். ஆட்டமே இல்லாட்டி கிளச் வழுக்கி பிளேட் எரியும். முதல் மேல லீவரடி அட்ஜஸ்டரைத் திருப்புங்கோ. அது ஏற்கெனவே வெளிய நீண்டு நிண்டா, உள்ளுக்கு முறுக்கிவிட்டு, இஞ்சின் பக்கத்து நட்டில ஆட்டத்தைச் சரிபண்ணி லொக் நட்டை இறுக்குங்கோ.

கடற்கரையில கேபிளின்ர உள்வயர் கெதியாத் துருப்பிடிக்கும். கழட்டி நெட்டாத் தூக்கிப்பிடிச்சு, மேல் நுனியால மெல்லிய ஒயிலை விடுங்கோ. கீழால சுத்தமா வரும் வரைக்கும் விடவேணும். ஒரு இழை அறுந்திருந்தாலும் ஒயில் விட்டு மினக்கெடாமல் புதுசு போடுங்கோ. போட்டபிறகு ஹாண்டிலை ரெண்டு பக்கமும் முழுசாத் திருப்பிப் பாருங்கோ. ஆட்டம் மாறினா கேபிள் எங்கயோ நெரிபடுது.

கேள்வி (உப்புவெளி): கேபிள் புதுசு, ஆட்டமும் சரி. காலமையில மட்டும் முதலாம் கியர் "டக்" எண்டு பாயுது.

பதில்: இரவு நிண்ட பிளேட்டுகள் ஒயிலில ஒட்டிக்கொள்ளும். கியர் போட முதல் கிளச்சைச் சில செக்கன் பிடிச்சிருங்கோ. ஐட்லிங் கூடவா இருந்தாலும் பாயும், அதைக் குறையுங்கோ. சூடானபிறகும் பாய்ஞ்சா ஒயிலைப் பாருங்கோ: பழசாப் போச்சோ, அளவுக்கு மேல ஊத்தியிருக்கோ எண்டு. போத்தலில ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (ஒயிலில ஊறுற மோட்டார் சைக்கிள் கிளச்சுக்கான ஒயில் தரம்) எண்டு இருக்கவேணும்.

கேள்வி (கிண்ணியா): மாரி வெள்ளத்துக்குள்ளால ஓட்டின பிறகு கியர் இறுகிப்போச்சு.

பதில்: டிப் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கோ. ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில இருந்தா தண்ணி போயிருக்கு. அதோட ஓடவேண்டாம், பேரிங்கும் போகும். வடிச்சு, மலிவான ஒயில் ஊத்தி, ரெண்டு மூண்டு நிமிசம் ஐட்லிங்கில ஓடவிட்டு, திரும்ப வடிச்சு நல்ல ஒயில் போடுங்கோ. வெள்ளை இன்னும் தெரிஞ்சா இன்னொருக்கா. இஞ்சினின்ர காத்துக் குழாயையும் எயார் பில்டரையும் பாக்காமல் விட்டா அடுத்த வெள்ளத்தில இதே கதைதான்.

கேள்வி (தம்பலகாமம்): அண்ணா, என்ர ஹொண்டா எம்டி 90 இல கிளச் லீவரே இல்லை. கியர் மாத்தக் காலால உதைக்கவேண்டிக் கிடக்கு.

பதில்: தங்கச்சி, அதில கியர் பெடலை அமத்தேக்கதான் கிளச் விலகும். முதல் ஐட்லிங்கைக் குறையுங்கோ; கூடினா, இஞ்சின் வேகத்தில தானாப் பிடிக்கிற மையவிலக்கு கிளச் விடாது. பிறகு இஞ்சினை நிப்பாட்டி, வலப்பக்க மூடியில இருக்கிற லொக் நட்டைத் தளர்த்துங்கோ. நடு ஸ்க்ரூவை மணிக்கூட்டுத் திசையில ஒரு சுத்து, பிறகு மற்றப்பக்கம், லேசாத் தடுக்கும் வரைக்கும். அந்த இடத்திலயிருந்து திரும்ப மணிக்கூட்டுத் திசையில எட்டில ஒரு சுத்து. ஸ்க்ரூ அசையாமல் பிடிச்சுக்கொண்டு நட்டை இறுக்குங்கோ. அந்த எட்டில ஒண்டைக் கண்மதிப்பில கூட்டிக் குறைக்கவேண்டாம்.

கேள்வி (மூதூர்): மாசக்கணக்கா நிண்ட வாகனம். கிளச்சைப் பிடிச்சாலும் பின் சில்லு விடுதில்லை.

பதில்: பிளேட் ஒட்டிப்போச்சு. இஞ்சினை நியூட்ரலில சூடாக்கி நிப்பாட்டுங்கோ. மூண்டாம் கியரில போட்டு, கிளச்சைப் பிடிச்சுக்கொண்டு முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளுங்கோ. விடாட்டி லீவரை ஹாண்டிலோட கட்டி ஒரு இரவு விட்டுப் பாருங்கோ.

கேள்வி (சீனன்குடா): கிளச் பிளேட் செட் மாத்தியும் அதே இறுக்கம்.

பதில்: புதுப் பிளேட்டை ஒயிலில ஊறவிடாமல் போட்டாங்களோ எண்டு கேளுங்கோ, இரவு முழுக்க ஊறினா நல்லது. இரும்புப் பிளேட்டைக் கண்ணாடியில வைச்சு அளக்கவேணும், 0.2 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) அடியில நுழைஞ்சா வளைஞ்சு போச்சு. பிளேட்டின்ர காதுகள் ஓடுற கிளச் ஹவுசிங்கின்ர வாய்க்காலையும் விரலால தடவிப் பாருங்கோ. பள்ளம் விழுந்திருந்தா பிளேட் அதில கொழுவி நிக்கும், விலகாது. மெல்லிய பள்ளத்தை அரத்தால சமப்படுத்தலாம். ஆழமெண்டா ஹவுசிங் புதுசு. புதுப் பிளேட்டுக்குப் போட்ட காசு அதுவரைக்கும் வீண்தான்.

கேள்வி (கன்னியா): விழுந்து எழும்பினபிறகு மேல் கியர் விழுது, கீழ இறங்குதில்லை.

பதில்: கியர் லீவர் உள்ளுக்கு வளைஞ்சு இஞ்சின் மூடியில முட்டுது. கழட்டித்தான் நிமித்துங்கோ, பூட்டினபடி அடிச்சா சாஃப்ட் வளையும். கழட்டின லீவரில பல் தேய்ஞ்சிருந்தா மாத்துங்கோ. லீவரை நிமித்திப் பூட்டினபிறகும் இறுகி, சாஃப்டடியில ஒயிலும் கசிஞ்சா சாஃப்ட் ஏற்கெனவே வளைஞ்சிட்டுது. அப்பத்தான் கராஜ் பாஸிட்டக் கொண்டுபோய் மூடியைத் திறவுங்கோ.