மாலை நாலு மணிக்குக் கடிக்கும் கொசு ஓடையிலிருந்து வருவதில்லை

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் 18 சென்ட் விளையில் (தோட்ட நிலத்தில்) வீடு. பின்னால் அடுத்தவருடைய ரப்பர் தோட்டம். சாயங்காலம் நாலு மணிக்கு முற்றத்தில் துணி எடுக்கப் போனால் காலைச் சுற்றிக் கொசு மொய்க்கிறது. ஓடையில் வாரா வாரம் பிளீச்சிங் பவுடர் போடுகிறோம், இரண்டு முறை புகையும் அடித்தாயிற்று. இரண்டு நாள் நன்றாக இருக்கும், அப்புறம் பழைய கதைதான். எந்த மருந்து அடிக்கலாம்?

பதில்: மருந்தை வாங்குவதற்கு முன்னால், காலில் உட்காரும் ஒரு கொசுவை அடித்து வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். உடல் கறுத்து, கால்களில் வெள்ளை வளையங்களும் முதுகின் நடுவில் ஒற்றை வெள்ளிக் கோடும் இருந்தால் அது ஏடிஸ் அல்போபிக்டஸ். மரமும் நிழலும் உள்ள விளைகளில் வாழ்வது. ஒற்றைக் கோட்டுக்குப் பதிலாக இரு பக்கமும் வளைந்த கோடுகள் தெரிந்தால் ஏடிஸ் எஜிப்டை. அது வீட்டை ஒட்டியே இருக்கும். டெங்கு, சிக்குன்குனியா இரண்டையும் பரப்புபவை இவைதான். காலையிலும் சாயங்காலத்திலும்தான் அதிகம் கடிக்கும். இரவில் காதருகே ரீங்காரமிடும் பழுப்புக் கொசு கியூலெக்ஸ், அதற்குத்தான் ஓடையும் செப்டிக் டேங்கும் வேண்டும். நீங்கள் சொல்லும் நேரத்தையும் இடத்தையும் பார்த்தால் உங்களுடையது முதல் வகை. அது முட்டையிடத் தேடுவது அரை டம்ளர் மழைத்தண்ணீரை. ஓடையில் போட்ட பவுடரெல்லாம் வீண் செலவு.

புகையின் பலன் ஏன் நீடிக்கவில்லை என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. புகை படும் நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசு சாகும். தண்ணீருக்குள் நெளியும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. நம் ஊர் வெப்பத்தில் முட்டையிலிருந்து கொசுவாக 7 முதல் 10 நாள் போதும் என்பதால், ஏற்கெனவே பாதி வளர்ந்த புழுக்கள் இரண்டொரு நாளில் பறக்கத் தொடங்கிவிடும். போதாததற்கு ஏடிஸ் தன் முட்டையைத் தண்ணீரில் மிதக்கவிடாது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டிவைக்கும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு காத்திருந்து, அடுத்த மழையில் நனைந்ததும் பொரியும். ஆகவே தண்ணீரைக் கொட்டுவது பாதி வேலைதான். தேங்காய் நார் கொண்டு உள்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவுவது மீதிப் பாதி.

இந்தக் கொசு வெகுதூரம் பறக்காது, பெரும்பாலும் 100, 200 மீட்டருக்குள்தான். அதாவது அது பிறக்கும் இடம் உங்கள் விளையிலோ பின்னால் உள்ள ரப்பரிலோ இருக்கிறது.

ரப்பரிலிருந்தே தொடங்குவோம். பால்வெட்டு நடக்கும் மரத்தின் சிரட்டையில் கொசு வளர நேரமில்லை, பால் எடுத்துக்கொண்டே இருப்பார்கள். மழைக்கு வெட்டு நின்ற பிறகுதான் தொல்லை. ஏக்கருக்கு ஏறத்தாழ 180 மரம். மரத்துக்கு ஒரு சிரட்டை வாய் திறந்தபடி கம்பியில் நின்றால், ஒரு நல்ல மழையில் 180 கொசுத்தொட்டி தயார். தோட்டக்காரரிடம் மருந்து அடிக்கச் சொல்ல வேண்டாம். வெட்டு நிற்கும் நாளில் சிரட்டைகளைக் கம்பியிலேயே கவிழ்த்து மாட்டச் சொல்லுங்கள், பால் வெட்டுகிறவருக்கு அது ஒரு சுற்று நடை. கேட்டும் நடக்கவில்லையென்றால் உங்கள் பஞ்சாயத்து வழியாகச் சுகாதார ஆய்வாளரிடம் எழுதிக் கொடுக்கலாம். 1939-ம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டத்தில் கொசு வளரும் இடங்களைச் சரிசெய்ய வைக்க வழியிருக்கிறது. முதலில் வேலியோரம் நின்று பேசிப் பாருங்கள், பெரும்பாலும் அதுவே போதும்.

இனி உங்கள் விளை. வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, அன்று இருபது நிமிடம் நடங்கள். வளர 7 நாள் ஆகிற புழுவை 8-ம் நாள் பிடிக்க முடியாது. அதனால்தான் வாரக் கணக்கு. கையில் ஒரு டார்ச்சும் வெள்ளைக் கிண்ணமும் போதும். நிழல் விழுந்தால் புழுக்கள் அடியில் போய் ஒளிந்துகொள்ளும். இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் நின்றால் மூச்சுவிட மேலே வரும், அப்போது தலைகீழாய்த் தொங்குவது தெரியும். எட்டிப் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று நகர்கிறவர்கள் தப்பவிடுவது இங்கேதான்.

பலர் பார்க்காத இடங்கள்: விறகின் மேல் மூடிய தார்ப்பாயின் மடிப்பு, விழுந்து கிடக்கும் கமுகம்பாளை, ஓட்டு விளிம்பில் இலை அடைத்து நிற்கும் மழைநீர்ப் பாத்தி, சன்சேடு, வெளியே போட்டுவிட்ட ஆட்டுக்கல், பூந்தொட்டியின் அடித்தட்டு, ஃபிரிட்ஜின் பின்தட்டு. தார்ப்பாயை நடுவில் ஒரு கம்பு கொடுத்துக் கூடாரம்போலச் சரிவாக்கிவிடுங்கள். வாராவாரம் கவிழ்க்கும் வேலை மிச்சம். தேங்காய்ச் சிரட்டையும் தொண்டும் (உரித்த மட்டையும்) சாக்கில் போய்ச் சேரட்டும். மரப்பொந்தில் மணலை நிரப்பி மேலே சிமெண்டுக் கலவை பூசுங்கள். அன்னாசிச் செடியின் இலைக்கவட்டிலும் தண்ணீர் நின்று புழு வளரும். வாசலுக்குப் பக்கத்தில் அன்னாசி வரிசை இருந்தால் எல்லைக்கு மாற்றி நடுவது நல்லது.

கொட்ட முடியாத தண்ணீருக்குத்தான் மருந்து. சிமெண்டுத் தொட்டிக்கு 1 சதவீத டெமிஃபாஸ் மணல் குருணை 1,000 லிட்டருக்கு 100 கிராம்; அதற்கு மேல் போட்டால் பயன் கூடாது, பணம்தான் போகும். சின்டெக்ஸ் தொட்டியில் மூடி உடையாமல் இருந்தும் புழு வருகிறதென்றால் ஓவர்ஃப்ளோ குழாயின் வாயைப் பாருங்கள், அங்கே வலை கட்டியிருக்க மாட்டார்கள். கிணற்றுக்கு மீன் போதும். கப்பியோ, தலையில் வெள்ளிப் பொட்டு மின்னும் மானத்துக்கண்ணியோ, ஒரு சதுர மீட்டர் நீர்ப்பரப்புக்கு 5 முதல் 10 வரை விடுங்கள். மீன் விட்ட கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டால் மீன் செத்துவிடும். குடிநீர் அளவுக்குப் போடும் பவுடரில் புழுவோ சாகாது. இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் ஊரில் அடிக்கடி நடக்கும் கோளாறு.

இரவுக் கொசுவும் இருக்கிறதென்றால் செப்டிக் டேங்கின் காற்றுக்குழாய் உச்சியில் நைலான் வலையை இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள். மூடி போட்டு அடைத்துவிடக் கூடாது, வாயு போக வழியில்லாமல் கழிப்பறையில் தண்ணீர் மெதுவாக இறங்கும். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் இரும்பு வலை உப்புக்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். அங்கே நைலான் அல்லது ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல்தான். நைலானும் வெயிலில் இற்றுப்போகும். வருடம் ஒருமுறை மாற்றிவிடுங்கள். டேங்கின் மேல்பலகையில் இடுக்கு இருந்தால் சிமெண்டு பூசுங்கள். குளியலறைத் தண்ணீரை வாழைமூட்டுக்கு விடுவதில் தவறில்லை, இரண்டு நாளில் மண் உறிஞ்சினால் சரி. ஒரே மூட்டில் தேங்கி நாறினால் வரிசை மாற்றி விடுங்கள்.

முற்றத்தில் உட்கார்ந்தாக வேண்டிய நாட்களுக்கு கொசுவர்த்தியைவிட டேபிள் ஃபேன் மேல். ஏடிஸ் பலவீனமாகப் பறக்கும், முழங்காலுக்குக் கீழேதான் தேடும். காற்றைக் கால் பக்கம் திருப்பி வையுங்கள். துளசியும் எலுமிச்சைப் புல்லும் வீட்டு வாசலுக்கு அழகு. நட்டுவைத்ததால் மட்டும் கொசு போகாது.

எல்லாம் செய்த மறுநாளே கடி நிற்காது. ஏற்கெனவே பறக்கும் கொசு இரண்டு மூன்று வாரம் உயிரோடிருக்கும். மூன்றாவது வாரமும் குறையவில்லையென்றால் நாலு கறுப்பு டப்பாக்களில் அரை அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொன்றின் உள்ளேயும் சொரசொரப்பான துணிப்பட்டை ஒன்றைப் பாதி நனைய வைத்து, விளையின் நாலு மூலையிலும் ஒவ்வொன்று வையுங்கள். ஐந்தாம் நாள் துணியில் கசகசாவைவிடச் சிறிய கறுப்புப் புள்ளிகள் எந்த மூலையில் அதிகமோ, அந்தப் பக்கம் மீண்டும் தேடுங்கள். பார்த்ததும் துணிகளைக் கொதிநீரில் போட்டு, டப்பாக்களைக் கவிழ்த்துவிடுங்கள். மறந்து விட்டால் அவையே நாலு புதிய கொசுத்தொட்டி.